மூன்று வீத அண்ணன்

மொன்றியல்
சித்திரை 27, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி கணேசலிங்கத்துக்கு,

நானும் உம்முடைய அண்ணையும் இங்கே நல்ல சுகம். ஒஸ்லோவில் நீரும், உமக்குப் புதிதாகக் கிடைத்த இனசனமும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

உம்முடைய அண்ணை என்று கை தானாக எழுதிவிட்டது. முப்பத்தைந்து வருடப் பழக்கம். இப்போது அந்தச் சொல்லுக்கு வேறு ஆள் வந்துவிட்டபடியால் இனி என் மனிசன் என்றே எழுதுகிறேன்.

இவளுக்கு என்ன வந்தது, பேனையும் கையுமாக இருந்து கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர். போன் எடுத்தால் நீர் ஸ்பீக்கரில் போடுகிறீர். பின்னால் யாரோ தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம்கூடக் கேட்கிறது. நான் சொல்ல வந்தது உமக்கு மட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். உம்முடைய மேல்வீட்டுக் குழாய் இப்போது ஒழுகவில்லை. உம்முடைய கறிவேப்பிலைக் கன்றைக் கீழே எங்கள் யன்னலடிக்குக் கொண்டுவந்து வைத்தேன், துளிர்த்திருக்கிறது. போன கிழமை திரும்பவும் கொஞ்சம் பனி கொட்டியது. என் மனிசன் விடிய எழும்பி வெளிப்படியெல்லாம் கூட்டி உப்பும் போட்டார். ஏறி இறங்க ஆளில்லாத படிக்கு ஏன் உப்பு என்று கேட்டேன். பழகிப்போச்சு என்றார்.

ஜான்-டலோன் சந்தையில் பிலோமினம்மாவைக் கண்டேன். எடுத்த எடுப்பில், “கணேசலிங்கத்தாருக்கு நோர்வேயிலை கூடப்பிறந்த ஆள் ஒருத்தர் ஆப்பிட்டிட்டாராம், உண்மையோ” என்று கேட்டா. கூடப்பிறந்தவர் இல்லை, பூட்டன் வழிச் சொந்தம், இரத்தத்தில் நூற்றுக்கு மூன்று வீதம்தான் ஒத்துப்போகிறது என்று விளங்கப்படுத்தினேன். பேச்சு வாக்கில் கையிலிருந்த தக்காளியை நசித்துவிட்டேன் போல. கடைக்காரன் மதாம், மதாம் என்று கத்தினான்.

எனக்கு எரிச்சல்தான், தம்பி. பொறாமை என்று நீர் சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன்.

இந்த வினை உம்முடைய மகள் தாட்சாயினி நத்தாருக்குக் கொண்டுவந்த அந்த இரண்டு எச்சில் சோதனைப் பெட்டியோடுதான் தொடங்கியது. அரியரத்தினம் என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் எச்சில் கொடுத்து, ஒரே வேரா என்று பார்க்கிறார்களாம். அப்பாவும் பெரியப்பாவும் எங்கேயோ ஓரிடத்தில் தொடுப்பீர்கள், பாருங்கோ என்று பிள்ளை ஆசையாகச் சொன்னாள். நான் அன்றைக்கே சொன்னேன், கேட்டீர்களா? அரியரத்தினம் எப்போது குடும்பப் பெயர் ஆனது? உம்முடைய அப்பாவின் பெயர் அரியரத்தினம், அவர் பருத்தித்துறை. என் மாமனாரின் பெயரும் அரியரத்தினம், அவர் சாவகச்சேரி. நீங்கள் இரண்டு பேரும் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டான் ஒரு அதிகாரி. அடுத்தடுத்து நின்ற இரண்டு பேருக்கும் ஒரே பெயரைக் கண்டு, அண்ணன் தம்பியோ என்று கேட்டானாம். பிரெஞ்சு விளங்காமல் இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினீர்கள். அப்படித்தானே எனக்கு ஒரு கொழுந்தன் கிடைத்தார்?

அதை மறந்துவிட்டு, இருபது வருடத்துக்கு மேலாக ஒரே தபால்பெட்டியில் கடிதம் எடுத்த இரண்டு கிழவர்கள் குழாய்க்குள் துப்பினீர்கள். என் மனிசனுக்கு அரை மணித்தியாலம் தேத்தண்ணி இல்லாமல் வாய் வறண்டு எச்சில் வரவில்லை. நான்தான் தேசிக்காயை வெட்டி மூக்குக்கு முன்னால் பிடித்தேன். அப்படிக் கஷ்டப்பட்டு எடுத்த எச்சில் அவரை யாரோடும் சேர்க்கவில்லை. உம்மோடு துளியும் இல்லை. உம்மை மட்டும் ஒஸ்லோவில் இருக்கிற யோகராசாவோடு சேர்த்துவிட்டது. உங்கள் பூட்டன் ஒரு அரியரத்தினமாம், அவருடைய இரண்டு மகன்மாரும் தங்கள் தங்கள் பிள்ளைக்குத் தகப்பனின் பெயரையே வைத்தார்களாம், அந்தப் பேரன்மாரில் ஒருவர் உம்முடைய அப்பா, மற்றவர் யோகராசாவின் அப்பா. நல்லது. சந்தோசம். நீரும் அவரும் தோளில் கை போட்டு எடுத்த படத்தை எல்லாரும் பார்த்து, மூக்கைப் பார், மூக்கைப் பார் என்கிறார்கள். நான் பெருப்பித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் ஒரே மூக்கு இல்லை.

சரி, இதெல்லாம் போகட்டும். வாற ஆவணியில் பிள்ளைக்குக் கலியாணம். போன கிழமை நீர் போனில் சொன்னதுதான் எனக்கு முள்ளாய்க் குத்திக்கொண்டு நிற்கிறது.

பிள்ளையின் தாய் சுகிர்தா கண்ணை மூடியபிறகு நீர் தனி ஆள். தனி ஆள் நின்று பெண்ணைத் தாரை வார்க்கக் கூடாது, சோடியாகத்தான் நிற்கவேண்டும். பெரியப்பா பெரியம்மா முறையில் நானும் என் மனிசனும் நிற்போம் என்று, நீர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், நாங்கள் இத்தனை வருடமாக நினைத்திருந்தோம். அவர் பட்டுவேட்டியைக்கூடத் தோய்க்கக் கொடுத்துவிட்டார். நீர் என்ன சொன்னீர்? “அண்ணை, இரத்த உரித்துக்காரன் இருக்கேக்கை அவையள் நிக்கிறதுதான் முறையாம், ஐயரும் சொல்லிப்போட்டார்” என்றீர். இவர் நல்லதுதானே தம்பி என்று சொல்லி, போனை என்னிடம் தந்துவிட்டு நிலக்கீழ் அறைக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு அதிகாரி தந்த பெயராவது பொதுவாக இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. கலியாணம் முடித்தாலும் பெண் தகப்பன் பெயரோடுதான் இருக்கவேண்டும் என்பது இங்கத்தைச் சட்டம். எல்லா அட்டையிலும் நான் ஜெகதீஸ்வரி வைத்திலிங்கம். பிள்ளைக்கு ஏழு வயதில் அந்த இரும்புப் படியில் ஐஸ் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது ஞாபகம் இருக்கிறதா? நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்துவிட்டு, நீ பிள்ளைக்கு யார் என்று கேட்டார்கள். நான் சொன்ன உறவு அவர்களுக்கு விளங்கவில்லை. நீர் அன்றைக்குத் தூர வேலையில். என் மனிசன் தொழிற்சாலையிலிருந்து வந்து அரியரத்தினம் என்ற அட்டையைக் காட்டியதும், ஓ, ஓங்கிள் என்று உள்ளே விட்டார்கள். பிள்ளை அவ்வளவு நேரமும் என் கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடியே இருந்தாள்.

நேற்றுத் தாட்சாயினி ஒட்டாவாவிலிருந்து வந்து போனாள். ஒஸ்லோவில் உங்களோடு ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தவள், மண்ணிறப் பாற்கட்டி ஒன்று கொண்டுவந்தாள். ஒஸ்லோப் பெரியம்மா தந்துவிட்டவவாம். அந்தப் பாற்கட்டி எனக்கு இறங்கவில்லை. தாரை வார்ப்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, “அப்பா சந்தோசமா இருக்கிறார் பெரியம்மா, நான் என்னத்தைச் சொல்லுறது” என்றாள். பிறகு, கழுவ மெசின் இருக்க, எல்லாக் கோப்பையையும் கையாலேயே கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் உம்முடைய பேச்சைத் தாண்டமாட்டாள். அப்படித்தான் நான் வளர்த்தேன்.

இதற்கு மேல் எழுதினால் சண்டையாகிவிடும். நிறுத்துகிறேன்.

புதன்கிழமை

கடிதத்தை ஒட்டித் தபாலில் போட வெளிக்கிட்டேன், போன் வந்தது. ஒஸ்லோவிலிருந்து மங்கையர்க்கரசி, யோகராசாவின் மனைவி. நீர் நம்பர் கொடுத்தீரோ, பிள்ளை கொடுத்தாளோ தெரியாது. நல்லா நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் எடுத்தேன். கேட்க விட்டால்தானே! மனிசி அவ்வளவு மரியாதை. அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டா. “பிள்ளையை வளர்த்தது நீங்கள். எங்களைப் பொம்மை மாதிரிக் கொண்டுவந்து நிப்பாட்டப் போயினம். எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா, தாரை வார்க்கேக்கை பிள்ளையின்ரை கையை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு நீங்கள்தான் சொல்லித் தரோணும்” என்றா. ஒரு பொல்லாதவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! பேந்து சொல்லுறன் என்று வைத்துவிட்டேன்.

உறையைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். அவவிடம் என்னால் சொல்ல முடியாது. நீர் சொல்லும்.

முறிந்தது வலது கை. இப்போதும் மணிக்கட்டில் அழுத்தினால் நோகும், ஆனால் நோகிறது என்று அவள் சொல்லமாட்டாள், சிரிப்பாள். ஆகையால் மேலிருந்து பிடிக்கக் கூடாது, கீழே உள்ளங்கையால் தாங்கவேண்டும். பயம் வந்தால் கட்டைவிரலை உள்ளுக்கு மடக்குவாள். அன்றைக்கும் மடக்குவாள். பிள்ளை, விரலை விடு என்று சபையில் சொல்லிப்போடாதேயுங்கோ, வெட்கப்படுவாள். பிடிக்கிறவ தன் பெருவிரலால் மெல்லத் தடவிக் கொடுத்தால் தானாக விரியும். அவள் கை விரிந்த பிறகுதான் மாப்பிள்ளை கஜீவனின் கையில் வைக்கவேண்டும். தண்ணீர் குளிராக இருக்கக் கூடாது என்று ஐயரிடம் முதலே சொல்லி வையும். விரதம் என்று வெறும் வயிற்றோடு நிற்க விட்டால் மயங்குவாள், விடிய ஒரு வாய் சீனிப்பால் யாருக்கும் தெரியாமல் கொடுக்கவேண்டும்.

இவ்வளவுதான். இதை மங்கையர்க்கரசிக்கு வாசித்துக் காட்டும். அவ நல்லவ, பிடித்துக்கொள்ளுவா. வேட்டியை எடுத்துக்கொண்டு வரவா, கடையிலேயே கிடக்கட்டுமா என்று உம்முடைய அண்ணை நேற்றும் கேட்டார்.

வாசிக்கும்போது பாதியில் உமக்குக் குரல் வராமல் போனால், தம்பி, மிச்சத்தை வாசிக்க வேண்டாம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாரும். அந்தக் கையைப் பிடிக்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

எங்கள் பிள்ளை பூவும் பொட்டுமாய் நீடு வாழட்டும்.

இப்படிக்கு,
தாட்சாயினியின் பெரியம்மா
ஜெகதீஸ்வரி