சாவடித் தூண்களின் சிவப்பு எண்கள்

என் தங்கையைக் கட்டிக்கொண்டவனே, அன்புள்ள கோதண்டம்,

மச்சானிடமிருந்து கடிதமா என்று உறையைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். இல்லை, அது என் புத்தி. நீ யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறவன். அதற்காகவே உன்னை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. மரகதம் நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சாப்பிடுகிறாள், மாட்டைப் பார்த்துக்கொள்கிறாள், என்னிடம் மட்டும் அளந்துதான் பேசுகிறாள். காரணம் உனக்குத் தெரியும். நம் இரண்டு பேருக்கும் பேச்சை நிறுத்திய அந்தச் சாவடிதான்.

நீ சொன்னபடியே ஆயிற்று. வாலாஜாபாத் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், ஊர்முனைச் சாவடி ரோட்டுக்குள் வருகிறது. கருடசேவைக்குக் காஞ்சிபுரம் நடக்கிறவர்கள் மூட்டையை இறக்கிவைத்துப் படுக்கிற இடம். உன் கல்யாணத்துக்கு மழை பிடித்துக்கொண்டபோது பந்தி போட்டதும் அங்கேதான். நம்மூரில் பழையது என்று காட்ட அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

இதைத்தானே போன வருஷம் ஊர்க்கூட்டத்தில் நீ சொன்னாய்? "இடிக்க வுடக் கூடாதுபா. கல்லு கல்லா பிரிச்சி, ஏரிக்கரைப் பக்கம் எடுத்துக்கினு போய் அப்பிடியே நிறுத்திடலாம்" என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். நான்தான் எழுந்தேன். "ஏரிக்கரைன்னா இவன் மனைக்குப் பக்கத்துலதானே? சாவடிய தன் வாசல்ல நிறுத்திக்கினு இன்னா பண்ணப் போறானாம்?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது? உன் மனைக்குப் பக்கத்தில் என்பதைத் தவிர, அந்த யோசனையில் எனக்கு வேறு ஒரு குறையும் தெரியவில்லை.

போன வாரம் ரோடு கான்ட்ராக்டர் வந்தான். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சிரிக்கிறவனை நான் எப்போது நம்பினேன்? சாவடிக்குள் ஊரார் அடைத்து வைத்திருந்த வைக்கோலை ஆள் விட்டு வெளியே தள்ளச் சொன்னான். மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், வைக்கோல் மறைத்திருந்த தூண்களில், உள்பக்கமாக, சிவப்புப் பெயிண்டில் எண்கள். பதினாறு தூணுக்கும் ஒவ்வோர் எண். மேலே உத்தரக் கல்லிலும் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. இடிக்கிறவன் எதற்காக எண் போடுகிறான்? பழைய தூண்களை வெளிநாட்டுக்காரனுக்கு விற்கிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். வரிசை தெரிந்தால்தானே வாங்குகிறவன் அங்கே கொண்டுபோய் நிறுத்தமுடியும்? இவன் தூண் திருடன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

யாரையாவது ஒரு வார்த்தை கேட்டேனா? நான் எங்கே கேட்பேன். வீட்டில் இருந்த ரேஷன் மண்ணெண்ணெயையும் ஒரு பிடி தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு போய், பகல் முழுக்கத் தேய்த்தேன். பதினாறு தூணையும் துடைத்துவிட்டேன். உத்தரக் கல் எட்டவில்லை, அதை மட்டும் விட்டேன். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. ஆனாலும் ஊர்ச் சொத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் கான்ட்ராக்டர் வந்தான். "நீ போட்ட திருட்டு நம்பர எல்லாம் அழிச்சிட்டேன். இனிமே எப்பிடி விக்கிறேன்னு பாக்கறேன்" என்றேன்.

"இன்னா நம்பருங்க? நான் கல்ல ஒடைச்சி ஜல்லி போட்றவன். ஜல்லிக்கு எதுக்கு நம்பரு?" என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் நான் நம்பிய முதல் பேச்சு அதுதான்.

அவன் போனதும் திரும்பினேன். மாட்டைப் பிடித்துக்கொண்டு மரகதம் ரோட்டில் நின்றிருந்தாள். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கிறது. மாட்டை அப்படியே வேலியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள், சுருட்டிய தாள் ஒன்றோடு திரும்பி வந்தாள்.

"நீ அழிச்சது அவரு போட்டதுண்ணா" என்றாள்.

காஞ்சிபுரத்தில் புடவைக்கு டிசைன் வரைய நீ வைத்திருந்த அதே கட்டம் போட்ட தாள். கட்டத்துக்கு ஓர் இழை என்று எண்ணி எண்ணிக் கரையை நிரப்புவாயே, அப்படியே சாவடியை நிரப்பி வைத்திருக்கிறாய். தூணுக்கு ஒரு நிறம், ஓர் எண், பக்கத்தில் அடையாளம். நான்கு, குரங்கு. ஏழு, இரட்டை மீன். ஒன்பது, மூக்கு உடைந்த யாளி. பிரித்தால் திரும்பச் சேர்ப்பதற்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வைக்கோல் கட்டுகளை நகர்த்தி எண் போட, அவள் பெயிண்ட் டப்பாவைப் பிடித்தாளாம்.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"சொல்லாதன்னாரு. 'உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா, நம்பர் போட்டு தூண விக்கப் பாக்கறான்னு ஊரக் கூட்டுவான்'னு சொன்னாரு."

கோதண்டம், என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தாயே, நேரில் வந்து நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா?

நிமிர்ந்து உத்தரக் கல்லைப் பார்த்தேன். அழியாமல் ஒரு 9. அதன் வாலை உள்பக்கம் சுழித்துவிடுகிறவன் நம் பள்ளிக்கூடத்திலேயே நீ ஒருத்தன்தான். அதற்காக வாத்தியாரிடம் அடி வாங்கியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பகல் முழுக்க அந்தக் கையெழுத்தைத்தான் தேய்த்தேன். திருடனையே தேடியதில் உன் எழுத்து என் கண்ணில் படவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மரகதம் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

இப்போது ஊரே சேர்ந்து பிரிப்பதாக முடிவாகியிருக்கிறது. அறுப்பு முடியும்வரை கான்ட்ராக்டர் தவணை கொடுத்திருக்கிறான். கேட்டதும் ஏன் ஒத்துக்கொண்டான்? அதில் என்ன வைத்திருக்கிறானோ, தினமும் காலையில் போய்த் தூண்களை எண்ணிவிட்டு வருகிறேன்.

உன் தாளை வைத்துப் பதினான்கு தூணுக்குத் திரும்ப எண் போட்டுவிட்டோம். நானும் மரகதமும்தான். செதுக்கல் இல்லாத இரண்டு மொட்டைத் தூண்கள் மட்டும் பிடிபடவில்லை; தாளில் அவற்றின் எண்கள் ஈரம் பட்டுக் கரைந்துவிட்டன, நீ வரிசைப்படியும் எண் போடவில்லை. எது பன்னிரண்டு, எது பதினைந்து? உயரமும் ஒன்றே, பருமனும் ஒன்றே. நீ இருந்தால் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் கையைக் காட்டிச் சொல்லியிருப்பாய். இப்போது நான் யாரைக் கேட்பேன்?

சாவடி ஏரிக்கரையில்தான் நிற்கும், உன் மனைக்குப் பக்கத்தில், நீ சொன்ன இடத்தில். அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து சொல்லப்போகிறேன். ஏகாம்பரத்துக்கு இதில் என்ன லாபம் என்று எவனாவது கேட்பான். கேட்கட்டும். கடைசிக் கல் ஏறுகிறவரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். ஒன்பதாம் தூணில் எண்ணை எழுதியபோது வாலை உள்பக்கம் சுழித்தேதான் விட்டேன். அதை இனி யாரும் அழிக்க விடமாட்டேன், நான் உட்பட.

மரகதத்தின் அண்ணன்,
உன் மச்சான்,
ஏகாம்பரம்