ஈக்குத் தகப்பன் வேண்டாமா?

சியாவோங்கா,
3 ஜூன் 2013

முலெயா மச்சானுக்கு,

உன் தங்கை புருஷன் ஹமலாம்போ எழுதுவது. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் மோன்ஸே பக்கம் வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பெண் லுயாண்டோவுக்கு டாக்டர் பட்டம்! என் கருவாட்டுக் கடையில் கிடந்த வாழைப்பழத்தில் மொய்த்த ஈயைக் குழாயில் அடைத்து, ஆராய்ச்சிக்கென்று தலைநகர் லுசாகாவுக்குக் கொண்டுபோனவள். அன்று சந்தையே சிரித்தது. "என்னப்பா, கருவாடு போதாதுன்னு ஈயையும் நிறுத்து விக்கிறியா?" என்றார்கள். இன்று அதே ஆட்கள் வரிசையில் நின்று என் கையைக் குலுக்குகிறார்கள்.

அவளுக்கான விருந்து உன் வீட்டிலேயே நடக்கட்டும். ஆனால் குடும்பத்தின் சார்பில் எழுந்து பேசுவது நானாக இருக்க வேண்டும். தாய்மாமன் பேசுவதுதான் நம் வழக்கம் என்று எனக்கும் தெரியும். இந்த ஒரு முறை விட்டுக்கொடு.

ஹமலாம்போ


மோன்ஸே,
11 ஜூன்

ஆட்டுக் குலத்து மாப்பிள்ளைக்கு,

எங்கள் யானைக் குலத்துப் பெண்ணைப் பற்றி ஆடு பேசுவதா? பிள்ளை தாய்க் குலத்துக்குத்தான் சொந்தம். அவள் படிப்பும் அதையே சொல்கிறது. உயிரணு ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன அடுப்புகள் எரிகின்றனவாம். மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். தின்றதைத் தெம்பாக்குவது அவைதான். அந்த அடுப்புக்கென்று இருக்கும் மரபணு தாயிடமிருந்து மட்டுமே வரும் என்று லுயாண்டோ என்னிடமே சொன்னாள். ஈக்கே அப்படி, மாப்பிள்ளை! நீ வந்து சாப்பிடு, கைதட்டு. பேச்சு என்னுடையது.

முலெயா


சியாவோங்கா,
19 ஜூன்

மச்சானுக்கு,

மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து நான் சரக்கு எடுப்பதில்லை. லுயாண்டோவையே கேட்டுவிட்டேன்.

"மாமா பாதியைத்தான் சொல்லியிருக்கார், அப்பா. அடுப்பு அம்மா கொடுத்ததுதான். ஆனா அதை நடத்துற மரபணு நிறைய அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வருது. ஒரே தாய்வழி ஈங்களை ரெண்டு கூட்டமாப் பிரிச்சேன். தலைமுறை தலைமுறையா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேற வேற வம்சத்து ஆண் ஈயைச் சேர்த்தேன். அடுப்பு ஒண்ணுதான். ஒரு கூட்டத்துல தீனி ஒழுங்காத் தெம்பாச்சு, ஈங்க நீண்ட நாள் உயிரோட இருந்துச்சு. இன்னொண்ணு சீக்கிரமே கிழடு தட்டிடுச்சு. அம்மா கொடுத்த அடுப்புக்கும் அப்பா கொடுத்த மரபணுவுக்கும் இருக்கிற பொருத்தம்தான் முக்கியம்."

கடைசியில், "இது ஈக்குத்தான், அப்பா. மனுஷங்களுக்கு அப்படியே பொருத்திடாதீங்க" என்றும் சொன்னாள். அது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

நம்பாவிட்டால் லுசாகா போய்ப் பார்.

ஹமலாம்போ


மோன்ஸே,
2 ஜூலை

மாப்பிள்ளைக்கு,

போனேன். நீ பொய் சொல்கிறாய் என்று அவள் வாயாலேயே கேட்டுவரத்தான் போனேன்.

இரண்டு குழாய்களைக் காட்டினாள். ஒரே தாய்வழி, ஒரே வயது. ஈக்கள் அடியில் விழும்படி தட்டினாள். ஒன்றில் ஈக்கள் விறுவிறுவென்று மேலே ஏறின. மற்றதில் பாதிக்கு மேல் அடியிலேயே கிடந்தன. "இன்னொரு தடவை தட்டு" என்றேன். ஏழு தடவை தட்ட வைத்தேன். அப்புறம் அவள், "எத்தனை தடவை தட்டினாலும் இதுதான் மாமா" என்று சிரித்தாள். சுற்றி நின்ற படித்தவர்கள் அவள் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவளை அப்படி நிற்க வைத்ததில் எங்கள் குலம் மட்டும் இல்லை என்பதும் அங்கேதான் உறைத்தது.

நீ பேசு. பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

முலெயா


சியாவோங்கா,
9 ஜூலை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைச் சந்தையில் நான்கு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

ஒரு சிக்கல். நேற்று உன் தங்கை முன்னால் பேசிப் பார்த்தேன். நாள் முழுதும் கூவிக் கூவிக் கருவாடு விற்கிற தொண்டை இது. "லுயாண்டோ என் மகள்" என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. மூன்று முறை முயன்றேன். உன் தங்கை மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள்.

நீ என் பக்கத்தில் வந்து நில். அந்த மூன்று சொல்லையும் நான் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நீ பேசு.

ஹமலாம்போ