ஓரக்கண் பரீட்சை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மூன்று பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மூவரும் மூக்குக்கு நேரே பார்த்தே ஓட்டினார்கள். "பக்கத்தையும் பாருங்க, ரோடு அகலமானது" என்று கத்தித் தொண்டை வற்றிவிட்டது. இந்த வசனம் என் மகள் குண்டூசிக்குக்கூட மனப்பாடம்.

சாயங்காலம் அவளை நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். ஏழு வயசு, வலிப்புக்கு இதுவரை இரண்டு மருந்து, இரண்டும் எடுபடவில்லை. முதலாவது நாள் முழுக்கத் தூங்க வைத்தது. இரண்டாவதில் கோபம் பொத்துக்கொண்டு வந்து வகுப்புத் தோழியைக் கடித்துவிட்டாள். வலிப்பு மட்டும் அசரவே இல்லை, தினமும் நாலைந்து. போன வாரம் மாடிப்படியில் வந்தது. நெற்றியில் இன்னும் தையல் இருக்கிறது.

மூன்றாவது மருந்து நன்றாகக் கேட்குமாம். "ஆனா சிலருக்கு ஓரப் பார்வை குறையும். பத்துல மூணு பேருக்குன்னு வச்சுக்குங்க. போனா திரும்ப வராது."

ஓரப் பார்வையா? அதை விற்றுத்தானே நான் சாப்பிடுகிறேன்!

ஜூன் 5, வியாழன்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், எதற்கும் பதறாத ஜென்மம். "படியில விழுந்தா மண்டை போயிடும். கண்ணைத்தான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக் பண்ணுவாங்களாமே" என்கிறார்.

"உங்களுக்கென்ன, லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகும். ரோட்டுக்கு நாலு பக்கம்" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் கொஞ்சம் சிரித்தேன்.

பயமா இருக்கு. கொடுத்து, கண்ணு போச்சுன்னா? கொடுக்காம, இன்னொரு தடவை படியில —

ஜூன் 9, திங்கள்

கொடுத்துவிட்டேன். தண்ணீரில் கரைத்து. "நல்லாவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே குடித்தாள்.

ஜூலை 18, வெள்ளி

பதினோரு நாளாக வலிப்பு இல்லை! எழுதவே பயம், கண் பட்டுவிடும். சாப்பாட்டு மேஜையில் இன்று ஒரு கதையை நடுவில் உறைந்து நிற்காமல் முழுசாகச் சொன்னாள். மகா மட்டமான கதை. மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மூன்று மாசம் யார் காத்திருப்பது? காலையும் மாலையும் நானே பரீட்சை வைக்கிறேன். அவள் நேரே பார்க்க வேண்டும். நான் பின்னால் நின்று காதுப் பக்கமிருந்து ஸ்பூனை மெல்ல முன்னே கொண்டுவருவேன். தெரிந்ததும் "வந்துடுச்சு" என்று சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இடது பக்கம் தெரியலங்கிறா. ஸ்பூன் கன்னம் தாண்டி வந்தாச்சு. "தெரியல." மறுபடியும். "தெரியல." எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான்தானே கொடுத்தேன்? என் கையால கரைச்சுத்தானே —

டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்றேன். "நீங்களா நிறுத்தாதீங்க! திடீர்னு விட்டா வலிப்பு மொத்தமா திரும்பி வரும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

ஆகஸ்ட் 13, புதன்

பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். குண்டூசி வீடியோ கேம் ஆடுகிற மாதிரி அழுத்தித் தள்ளினாள். இரண்டு கண்ணிலும் ஒரு குறையும் இல்லை.

வாசலுக்கு வந்ததும் கேட்டேன். "அப்புறம் ஏண்டி தெரியலன்னு சொன்ன?"

"தெரிஞ்சுதும்மா. தெரியுதுன்னு சொன்னா நீ மறுநாளும் ஸ்பூனைத் தூக்கிட்டு வர்ற. தெரியலன்னா விட்டுருவியோன்னு பார்த்தேன்."

அடிப்பாவி! நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஸ்பூன் இனி சர்க்கரை டப்பாவுக்கு மட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஸ்பூனைத் தொடவில்லை. கை பரபரக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

வலிப்பு வந்து நூறு நாள் தாண்டிவிட்டது. அடுத்த மாசம் மறுபடி அந்த மெஷின். பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

இன்று அவளை முதல்முறையாக நீச்சலுக்குக் கூட்டிப்போனேன். முனையில் இடப்பக்கம் திரும்பும்போது, பின் சீட்டில் படம் வரைந்துகொண்டிருந்தவள் "அம்மா, சைக்கிள்!" என்று கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். ஓரமாக வந்த சைக்கிள்காரர் முறைத்துவிட்டுப் போனார்.

நான் அவரைப் பார்க்கவே இல்லை. பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள்!

கண்ணாடியில் பார்த்தேன். குண்டூசி தலையைக் குனிந்து மறுபடி வரைந்துகொண்டிருந்தாள்.

"பக்கத்தையும் பாரும்மா" என்றாள். "ரோடு அகலமானது."