பிளாப்பிக்கு வைத்த பொட்டு

விளாங்குடி, மதுரை.
28-10-1988

அன்பு மகன் விருமாண்டிக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை அன்னக்கொடியும் வேளைக்குச் சாப்பிட்டு கைகால் சுகத்தோடு இருக்கிறோம், பம்பாயில் நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்று உன் அம்மா போன வெள்ளிக்கிழமை பாண்டி கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். ஐப்பசி மழை பிடித்துவிட்டது, கொல்லையில் முருங்கை ஒன்று சாய்ந்து பக்கத்து வீட்டுச் சுவரில் படுத்துக்கொண்டது, அதற்கு அந்த வீட்டம்மா பேசிய பேச்சை எழுதினால் தாள் காணாது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய் என்று நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ எழுதினால் கேட்பாள், எழுது.

இந்தக் கடிதத்தோடு இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாப்பியும் நிரப்பிய விண்ணப்பப் பாரமும் இருக்கும், அட்டைகளைப் பிரிக்கும்போது பதறாமல் பிரி. அதை எதற்கு அனுப்புகிறேன் என்பதைத்தான் விவரமாக எழுத வேண்டும். போன மாதம் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதை அன்னக்கொடி உனக்கு எழுதியிருப்பாள். ஹார்டு டிஸ்க் போடுங்கள், அது இல்லாத கம்ப்யூட்டர் ஒரு கம்ப்யூட்டரா என்று நீ எழுதியிருந்தாய், நானும் அதே கட்சிதான். டவுன்ஹால் ரோட்டு மாடியில் கடை வைத்து, மதராஸிலிருந்து உதிரிச் சாமான் வாங்கிவந்து பூட்டிக் கொடுக்கிற பேச்சிமுத்துவும் அதையேதான் சொன்னான். ஹார்டு டிஸ்க் போட்டுக்குங்கண்ணே, டைப் பண்ற புரோகிராம், கணக்குப் புரோகிராம், பிள்ளைக வெளையாட்டு அம்புட்டையும் நானே காப்பி பண்ணி ஏத்திவிட்டுர்றேன், அதுக்குன்னு தனியா ஒண்ணும் வேணாம் என்றான். எனக்கு வாயெல்லாம் பல். உன் தங்கைதான் குறுக்கே நின்றாள். கையில் இருக்கிற பணத்துக்கு ஒன்று ஹார்டு டிஸ்க் வாங்கலாம், இல்லாவிட்டால் புரோகிராமை லைசென்ஸோடு ஒரிஜினலாக வாங்கலாம், இரண்டுக்கும் காணாது. அவள் ஹார்டு டிஸ்க் வேண்டாம் என்றாள், பிளாப்பி டிரைவ் இரண்டு போதும், ஒன்றில் புரோகிராம் இருக்கும், இன்னொன்றில் நான் அடிக்கிற தாள் இருக்கும், மெதுவாக ஓடினால் ஓடட்டும், புரோகிராம் மட்டும் ஒரிஜினல்தான் வேண்டும் என்று பிடித்த பிடியை விடவில்லை.

நான் விட்டேனா. உறைமோர் கேட்டு வந்தால் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுக்கிறோம், நம் வீட்டு மோர் குறைந்தா போகிறது, அதுபோலத்தானே இந்தக் காப்பியும், இதற்குப் போய் யாராவது பணத்தைக் கொட்டுவார்களா என்று கடையில் நாலு பேர் பார்க்கவே சத்தம் போட்டேன். அதற்கு அவள், மோரு கொறையாதுதாம்ப்பா, ஆனா மாடு வளத்தவன் வீட்டுல எப்புடி அடுப்பெரியும், எனக்குன்னு ஒரு தொழிலத் தொடங்குறேன், மொத நாளே களவாண்ட சாமானாவா இருக்கணும் என்றாள். பேச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். காப்பி கெட்டுப்போனால் கேட்க நாதியில்லை, ஒரிஜினல் கெட்டுப்போனால் லைசென்ஸ் அட்டையைக் காட்டி கம்பெனியில் மாற்று வாங்கலாம் என்பதும் அவள் சொன்னதுதான். சரி உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். ஆனால் லைசென்ஸ் அட்டையில் பெயர் எழுதுகிற நேரம் வந்தபோது நான் முந்திக்கொண்டேன். ரேஷன் கார்டு என் பேரில், கரண்டு கனெக்‌ஷன் என் பேரில், வீட்டு வரி என் பேரில், இதுவும் வீட்டுச் சாமான்தானே, நல்லகாமன் என்று எழுது என்று பேச்சிமுத்துவிடம் சொன்னேன். அன்னக்கொடி முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன் விருமாண்டி, பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

இந்தக் கம்ப்யூட்டர் அவளுக்கு எவ்வளவு பெரிசு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் வீட்டை விட்டு வந்து நாலு வருஷமாகிறது. இரண்டு பஸ் மாறி பழங்காநத்தத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள், அதை நடத்துகிற மனுஷன் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்கிறான் என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். நம் சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எந்த விசேஷத்துக்குப் போனாலும் பிள்ளைய எப்ப அனுப்பப் போறீக என்பதுதான் முதல் விசாரிப்பு. இப்போது ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அரைப் பரீட்சைக் கேள்வித்தாள் அத்தனையையும் அவளிடம் கொடுத்திருக்கிறது. கார்த்திகை பத்தாம் தேதிக்குள் சுத்தமாக அடித்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க அவர்கள் வேலை இவளுக்குத்தான், தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். அவள் அதை நம்பி இன்ஸ்டிட்யூட் வேலையை விட்டுவிட்டாள்.

இனிமேல் எழுதப்போவதை மருமகளுக்கு வாசித்துக் காட்டாதே. ஆயுத பூஜை அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்தான் எல்லாம் செய்தேன். மில்லில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன், கார்டிங் மெஷினிலிருந்து கம்ப்ரசர் வரைக்கும் என் கையால் பொட்டு வாங்காத மெஷின் கிடையாது, ஒன்றுகூட அதனால் நின்றதும் கிடையாது. ஓடுகிற பாகத்துக்குத்தான் முதல் பொட்டு, வெறும் மூடிக்கு வைத்துவிட்டு வந்தால் எங்கள் மேஸ்திரி திட்டுவார், அப்படியே பழகிவிட்டது. டிவி மாதிரிப் பெட்டிக்கு வைத்தேன், பட்டன் பலகைக்கு வைத்தேன். அப்புறம் இம்புட்டு விலை கொடுத்து வாங்கிய ஒரிஜினலுக்கு வைக்காமல் இருக்கலாமா என்று அந்த பிளாப்பியைத் தாள் உறையிலிருந்து எடுத்தேன். அதன் கறுப்புச் சட்டைக்கு நடுவில் நீளமாக ஒரு திறப்பு இருக்கிறது, அதற்குள் பழுப்பாக, பளபளப்பாக ஒரு தட்டு தெரிந்தது. இதுதான் ஓடுகிற பாகம் என்று சரியாகத்தான் கண்டுபிடித்தேன் பார். சந்தனத்தைக் குழைத்து அதன் மேலேயே வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். சந்தனம் தண்ணியாக இருந்ததால் வழிந்தது, உடனே துண்டால் அழுத்தித் துடைத்து, உறைக்குள் போட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து அவள் பிளாப்பியைச் சொருகினாள். கரக் கரக்கென்று ஒரு சத்தம், திரையில் என்னவோ இங்கிலீஷில் வந்தது. எடுத்துப் போட்டாள், திரும்பவும் அதே சத்தம். உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நாந்தான் எங்கயோ வளைச்சுப்புட்டேன் போலம்மா, நேத்து புஸ்தகத்துக்கு அடியில வச்சுருந்தேன் என்று அவள் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் தங்கம் விலை படித்துக்கொண்டிருக்கிறேன். பேச்சிமுத்துவைக் கூட்டிவாங்க என்று அவள் சொன்னதும், ஆளை அனுப்பி வரவழைத்தேன், அவன் வந்து டிரைவைக் கழற்றும்போது பால் வாங்கி வாரேன் என்று கிளம்பிப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் டிரைவைச் சுத்தம் செய்து பூட்டிவிட்டான், டிரைவுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த பிளாப்பி தேறாது, யாரும் காப்பி எடுக்காதபடி கம்பெனிக்காரனே அதில் பூட்டு போட்டிருப்பதால் மாற்றுக் காப்பியும் எடுத்து வைக்க முடியவில்லை என்று அன்னக்கொடி சொன்னாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் பேச்சிமுத்து கடைக்குப் போனேன். பூட்டை உடைத்த காப்பி அவனிடம் இருக்கிறது, அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் அவள் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவாள், நான் செய்ததும் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அவன் அஞ்சு நிமிஷத்தில் காப்பி போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே, அடுத்த வருசம் பொட்டிக்கு மட்டும் பொட்டு வைங்கண்ணே என்றான். உனக்கெப்படித் தெரியும் என்றேன். டிரைவுக்குள்ள பஞ்ச விட்டுத் தொடச்சேன், பஞ்சு செக்கச்செவேல்னு வந்துச்சு, ஒங்க வேலைதாம்னு ஒங்க மக பாத்த ஒடனே சொல்லிருச்சு, ஆனா ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுச்சு, அப்பா மனசு ஒடைஞ்சுருவாருன்னுச்சு, நான் ஒரு ஓட்டவாயி, வந்துருச்சு என்றான். அந்தக் காப்பியை அவன் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அன்னக்கொடி மாற்று பிளாப்பி கேட்கிற பாரத்தை நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். லைசென்ஸ் என் பேரில் இருப்பதால் கையெழுத்து நான்தான் போட வேண்டுமாம். வரும்போதே கெட்டிருந்தது என்று எழுதினால் கம்பெனிக்காரன் மறுபேச்சில்லாமல் கொடுப்பான் என்று பேச்சிமுத்து சொல்லியிருக்கிறான், அவள் கேட்கவில்லை. கெட்டுப்போன காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். என் மகளின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தாள். தெரிந்தே எழுதியிருக்கிறாள் விருமாண்டி. நான் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன், அவள் என் தப்பைத் தன் தலையில் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுகிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உன் அம்மா பார்க்கக் கூடாதே என்று துண்டை எடுத்துக்கொண்டேன். அப்புறம் அந்த வரியை அடித்துவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பூஜை அன்று தட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தவன் நான், என் மகள் வைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏம்ப்பா இத எழுதுனா பம்பாய்க் கம்பெனிக்காரன் ஒங்களப் பாத்துச் சிரிக்கமாட்டானா என்றாள். சிரிக்கட்டும் தாயி, நீ தூங்காம கெடந்த மூணு நாளும் நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன் என்றேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். தபாலில் போய்த் தபாலில் வந்தால் கார்த்திகை பத்துக்குள் வந்து சேராது, கம்பெனி ஆபீஸ் உங்கள் ஊரில்தான் இருக்கிறது, அரைநாள் லீவு போட்டுவிட்டு நீயே நேரில் போ. பாரத்தையும் பழைய பிளாப்பியையும் லைசென்ஸ் அட்டையின் நம்பரையும் கொடுத்து மாற்று வாங்கு, அதற்கு ஏதாவது கட்டச் சொன்னால் கட்டிவிடு. வேறு பேருக்கு மாற்ற வேண்டுமானால் பழைய உடைமைக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அட்டையின் பின்னால் போட்டிருக்கிறது, லைசென்ஸை அன்னக்கொடி பேருக்கு மாற்றச் சொல்லித் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன், அதையும் மறக்காமல் கொடுத்து ரசீது வாங்கு. முடியாது என்று சொன்னால் பெரிய ஆபீசரைப் பார்க்காமல் திரும்பாதே. அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை, கையில் வரட்டும் என்று இருக்கிறேன்.

பேரனைக் கடல் பக்கம் தனியாக விடாதே, மருமகளை நான் விசாரித்ததாகச் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், கையில் தொட்ட காரியம் கூடிவந்து, மனசு நிறைந்து நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நல்லகாமன்.

மறந்துவிடாதே: புது பிளாப்பியை அனுப்பும்போது கவரில் என் பெயரைப் போடாதே, கேர் ஆஃப் என்றுகூடப் போடாதே. அன்னக்கொடி, விளாங்குடி, மதுரை என்று மட்டும் எழுது. இந்த வீட்டுக்கு இதுவரை அவள் பெயருக்கு வந்தது கோர்ட்டுக் காகிதம் மட்டும்தான் என்பதால் தபால்காரர் சின்னச்சாமி தயங்குவார், அதனால் நேற்றே அவரிடம் சொல்லிவிட்டேன், என் மகள் பெயருக்கு ஒரு பார்சல் வரும், நான் வாசலில் நின்றாலும் என் கையில் கொடுக்காதீர்கள், அவளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள் என்று.