ஹாலில் ஆறடிக் கடல்

ஆடி 9, 2012

வெயில். ஆடிக் காற்று மண்ணை வாரி அடிக்கிறது. காலையிலிருந்து ஹாலைக் காலி பண்ணும் வேலை. சோபா மாடிக்கு. டிவி என் அறைக்கு. கட்டில் ஓரம் ஒருக்களித்துத்தான் இனி நடக்கணும்.

மளிகைக்கடையில் கொடுத்த டைரி இது. சும்மா கிடந்தது. மகன் சேகர் எடுத்துக் கொடுத்தான். மீன் தொட்டி வந்த பிறகு கரண்டு எப்போ போகிறது, தண்ணீர் சூடு எவ்வளவு, இரண்டையும் எழுதி வைக்கணுமாம். அஞ்சாவது படித்த கை, எழுத்து கோணல். மற்றதையும் இதிலேயே எழுதிக்கொள்கிறேன். அவன் நம்பரை மட்டும் பார்ப்பான்.

சாயங்காலம் கண்ணாடித் தொட்டி வந்தது. ஆறடி நீளம். தூக்கினவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஒருத்தன் கேட்டான், "இன்னா சார், முதலை வளக்கப் போறீங்களா?"

சேகர் சிரிக்கவில்லை. என்னிடம் வந்தான். "கடல் கடல்னு அழுதுக்கினே இருந்தியேம்மா. கடலையே வூட்டுக்குக் கொண்டாரேன் பாரு."

நான் அழுதது கடலுக்கா.

ஆடி 17

மழை வருகிற மாதிரி இருட்டி, வரவில்லை.

பாண்டிச்சேரியிலிருந்து பாபு வந்தான். தொட்டி மாட்டித் தருகிறவன். இறக்கிய சாமான்:
இரும்பு ஸ்டாண்டு
அழுக்கு வடியக் கீழே ஒரு சின்னத் தொட்டி
மோட்டர் மூன்று
நுரை எடுக்கிற குழாய்
தண்ணீரைக் குளிர வைக்கிற மிஷின் (எனக்கு மின்விசிறிதான்)
நீல லைட்டு
ஜெனரேட்டர், பின்வாசலில்

ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டான். வெயில் பட்டால் பாசி பிடிக்குமாம். "தொறக்கவே கூடாதுங்கம்மா" என்றான். தெருவில் போகிற யாரையும் இனி பார்க்க முடியாது. கீரைக்காரி குரல் மட்டும்.

கடல் தண்ணீர் டெம்போவில், கேன் கேனாக. மரக்காணத்துக்குத் தெற்கே, எங்கள் குப்பத்துக் கரையிலேயே பிடித்திருக்கிறார்கள். தங்கச்சி வள்ளி போன் பண்ணினாள். "யக்கா, உன் புள்ள தண்ணி மொண்டுக்கினு போறான். உன்னை மட்டும் கூட்டினு வர மாட்டேங்கிறான்."

தொட்டியில் ஊற்றும்போது வாசனை வந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆவணி 3

சூடு 26. கரண்டு போச்சு, வந்தது, போச்சு. முழுசாக எழுதக் கை வலிக்கிறது. இனி க.போ.

தொட்டியில் மீன் கிடையாது. வெறும் கல்லும் தண்ணீரும். தண்ணீர் பழகணுமாம், மாசக்கணக்கில். வெறும் தண்ணீருக்கு நான் காவல்.

சேகரும் மருமகள் சுகந்தியும் காலை வண்டிக்கு விழுப்புரம் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். இரண்டு பேருக்கும் அங்கே வேலை. நடுவில் க.போ. என்றால் நான்தான் பின்வாசலுக்கு ஓடி ஜெனரேட்டர் போடணும். மோட்டர் நின்றால் எல்லாம் செத்துவிடும் என்று பாபு பயம் காட்டியிருக்கிறான்.

பக்கத்து வீட்டம்மா திருவக்கரைக் கோயிலுக்குக் கூப்பிட்டாள். வேனில் இடம் இருக்கிறதாம். வர முடியாது என்றேன். "இன்னாத்துக்கு?" என்றாள். தண்ணீரைப் பார்த்துக்கொள்ளணும் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஆவணி 28

உயிர் வந்துவிட்டது. இரண்டு ஆரஞ்சு மீன். நத்தை. மீசை நீண்ட இறால் ஒன்று. கல்லில் ஒட்டின பூ மாதிரி பவளம், அதுவும் உயிர்தானாம். நீல லைட்டில் விரிந்து ஆடுகிறது. அழகாக இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய்.

இந்த இறாலை எங்கள் ஊரில் வலையிலிருந்து உதறித் தள்ளுவோம் என்றேன். சுகந்திக்குச் சிரிப்பு. "அத்தை, வெலையைக் கேட்டா குழம்பு வெக்கிற நெனப்பே வராது."

சூடு 26. க.போ. நாலு தரம்.

புரட்டாசி 14

புழுக்கம். உள்ளே நீல வெளிச்சத்தில் பகலா ராத்திரியா தெரியவில்லை.

வள்ளி போன். "யக்கா, அமாவாசையோட வருஷம் திரும்புது. வர்றியா இல்லியா? கரையில கேக்குறாங்க."

போன புரட்டாசியில் சேகர் அப்பா போன படகு வந்தது. மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். அவர் வரவில்லை. உடம்பும் வரவில்லை. உடம்பு வராதவங்களுக்கு, அவங்க உடம்பில் கிடந்த ஒன்றை வருஷத்தன்று தண்ணீருக்குக் கொடுக்கணும். எங்கள் குப்பத்துப் பழக்கம். கொடுத்தால்தான் அலைச்சல் நிற்கும்.

என்னிடம் இருப்பது அவர் செப்பு மோதிரம். வலையில் மாட்டும் என்று கடலுக்குப் போகும்போது கழற்றி மாடத்தில் வைப்பார். அப்படித் தங்கியது.

சாப்பிடும்போது கேட்டேன். சேகர் தட்டைப் பார்த்தபடியே பேசினான். "அங்க போனா நீ திரும்ப மாட்டம்மா. போன வருஷம் கழுத்தளவு தண்ணில நின்னே. இழுத்துக்கினு வந்தது நான்தானே."

அது நிஜம். அன்றைக்கு ஏன் அவ்வளவு தூரம் இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அதற்காக ஆயுசுக்கும் உள்ளேயா.

புரட்டாசி 29, அமாவாசை

தூறல். விடியலிலேயே தலைக்குக் குளித்தேன். ஒருவேளை சேகர் மனசு மாறுவான் என்று புடவை மடித்துப் பையில் வைத்திருந்தேன். பையைப் பார்த்தான். வண்டிக்கு நேரமாகிவிட்டது அவனுக்கு. செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னான்.

"தொட்டிக்கு முன்னால படம் வெச்சுக் கும்புடும்மா. அப்பா இருக்கிற தண்ணிதானே இதுவும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். அப்பா இருக்கிற தண்ணி. இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

படம் வைத்தேன். விளக்கு. சுட்ட கருவாடு, சோறு, அவருக்குப் பிடித்த மல்லாட்டைத் துவையல், வேர்க்கடலை வறுத்து அரைத்தது. மோதிரத்தை மஞ்சள் துணியில் முடிந்தேன். ஸ்டூலில் ஏறிப் பெரிய கல்லுக்குப் பின்னால் கை எட்டுகிற மட்டும் விட்டேன். ஆரஞ்சு மீன் இரண்டும் வந்து பார்த்தன.

அழவில்லை. சோறு இறங்கியது.

சூடு 26. க.போ. எத்தனை தரம், எண்ணவில்லை.

ஐப்பசி 3

மழை. காலையில் நத்தைகள் மல்லாந்து அடியில். மத்தியானம் இறால். பவளம் இரண்டு நாளாகவே விரியவில்லை, சுருங்கிக் கறுத்துவிட்டது. சேகர் வந்ததும், "மோட்டர் நின்னுதா? தூங்கிட்டியா?" என்றான். நிற்கவே இல்லை. நான் தூங்கவும் இல்லை.

ஐப்பசி 4

பாபு வந்தான். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுப் பார்த்தான். "செம்பு காட்டுது சார். செம்பு பட்டா நத்தை, எறா, பவளம் ஒண்ணும் தாங்காது. கோயில் கொளம்னு நெனச்சு யாராச்சும் காசு போட்டீங்களா?"

சுகந்தி சிரித்தாள். சேகர் சிரிக்கப் போனவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

முந்தானையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். தோள் வரைக்கும் கையை விட்டு முடிச்சை எடுத்தேன். அவன் கையில் வைத்தேன்.

அவிழ்த்தான். மோதிரம் பச்சை பூத்திருந்தது. அதைத் துடைத்துத் தன் விரலில் போட்டுப் பார்த்தான். அளவாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றான் பாபுவிடம். "இந்தத் தண்ணிலயே பண்ணுன்னு நான்தான் சொன்னேன்."

பாபு குப்பியைக் கழுவப் போய்விட்டான்.

ஐப்பசி 6

தண்ணீர் முழுக்க மாற்றணும். தொட்டி காலி. மீன் இரண்டும் பிளாஸ்டிக் டப்பில், சின்ன மோட்டரோடு. விடிந்ததும் டெம்போ வந்தது. கேன் ஏற்றினார்கள்.

"நீ இருந்து டப்பு மோட்டர் நிக்காம பார்த்துக்கோம்மா" என்றான் சேகர்.

நான் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அமாவாசையன்று கட்டி வைத்த பை மடியில். "இன்னிக்கு லீவுதானே. நீ பார்த்துக்கோ."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிரைவர் வண்டியைக் கிளப்பவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கடைசியில் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி என் கையில் அழுத்தினான். கதவை அவனே சாத்தினான்.

இதை எழுதுவது வள்ளி வீட்டில். கரை மாறவில்லை. படகு அதே இடத்தில். வள்ளி என் புடவையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்று கொடுத்தேன். ஒரு அலை, அவ்வளவுதான்.

கேன் எல்லாம் நிறைந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தான். வள்ளி போனில் சேகரைக் கூப்பிட்டேன். "தண்ணி வருது. நான் வரலை."

அந்தப் பக்கம் டப்பு மோட்டர் ஓடுவது கேட்டது. பிறகு, "முழங்காலுக்கு மேல எறங்காதம்மா" என்றான்.

இங்கேயும் க.போ. காற்று வருகிறது.