வெயிலு எங்க பங்காளி

மாப்ளே,

கூரியர் பொட்டலத்தைப் பிரித்ததும் புதுத்துணி வாசமும் மை வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. கறுப்பு டீசர்ட், நெஞ்சில் வெள்ளை எழுத்து. எனக்குத்தான் எழுத்து தெரியாதே, மருமகள் வாசித்துக் காட்டினாள்: "வெயிலு எங்க பங்காளி."

நீ சொன்னதுதான். நரிக்குடி ரோட்டில் நாம் ஜவுளி மூட்டையோடு உச்சிவெயிலில் நடந்தபோது, குடை பிடித்து வந்த வாத்தியார் ஒருவர், "இந்த வெயில்ல எப்படிய்யா அலையிறீக?" என்று கேட்டார்.

"வெயிலு எங்க பங்காளிய்யா. சண்ட போட்டாலும் வீட்டு விசேசத்துக்கு அவன்தான் மொத ஆளா வந்து நிப்பான்" என்றாய். சிரித்த சிரிப்பில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

திருச்சுழிச் சந்தையில் விற்காத சட்டைகளைத் திரும்பக் கட்டும்போதெல்லாம், "ஆளு வந்து கேட்ட பொறகு துணி மொளைக்கணும்லே, தோளாச்சும் மிஞ்சும்" என்பாய். அப்படி ஒரு கடையை என் மருமகள் வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டாள் மாப்ளே. செல்போன்தான் கடை. அதில் படம் மட்டும் இருக்கும். யாராவது ஆர்டர் கொடுத்த பிறகுதான் திருப்பூரில் சட்டையில் அச்சடித்து, அங்கிருந்தே அனுப்புகிறார்கள். சுமக்க மூட்டையே கிடையாது.

ஆனால் அவள் போட்ட சிங்கத்தையும் ரோசாப்பூவையும் ஒருவரும் சீந்தவில்லை. "தை வரைக்கும் பாப்பேன் மாமா. அப்புறம் மில்லு வேலைக்கு வேனுல ஏறிருவேன்" என்றாள். அவள் மடியில் பால்குடி மறக்காத பிள்ளை. எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வெயில் பேச்சை எடுத்துச் சொன்னேன்.

"இதையா மாமா காசு குடுத்து வாங்குவாக?"

"வாத்தியாரே வாங்குனாருத்தா. போட்டுப் பாரு."

போட்டாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தாள். "மாமா, ஆர்டரு வந்துருச்சு. கோயம்புத்தூரு."

"போணிக் காசு ஆத்தா, கண்ணுல ஒத்திக்க" என்றேன்.

"எதை மாமா ஒத்துறது? காசு பேங்குக்குல்ல போகுது."

"அப்ப போன ஒத்து."

ஒத்திக்கொண்டாள். நெற்றியிலும் போனிலும் மாவு. நீ பார்த்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

அப்புறம் சென்னை, சிங்கப்பூர் என்று வர ஆரம்பித்தது. தை பிறந்து மில் வேன் வாசலில் ஹாரன் அடித்தபோது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, "நான் வரலண்ணே, கடை இருக்கு" என்றாள். எனக்குச் சந்தை நாள் காலை மாதிரி உடம்பெல்லாம் பரபரத்தது.

இந்த டீசர்ட் எனக்கென்று அவள் வரவழைத்தது. அளவு கேட்டபோது என் வாயில் உன் அளவுதான் வந்திருக்கிறது. தொளதொளவென்று கிடக்கிறது. மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தினமும் காப்பியோடு வந்து, "இன்னைக்கு அவுக பேச்சு என்ன மாமா?" என்கிறாள். நீ பேசியது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கிறேன். ஒன்றை மட்டும் விற்கத் தரமாட்டேன். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போக நீ பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினாயே, அப்போது கடைசியாகச் சொன்னது அது. மூட்டையை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாய்: "நான் இங்கன எறங்கிக்கிறேன். மூட்டையப் பாத்துக்கலே."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், மாப்ளே.