அன்னக்கிளி உட்கார்ந்த நாற்காலி

மதராஸ்,
8 ஜூலை 1952

பிரியமுள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் இருமல் எப்படி? வெந்நீர் குடிக்கிறீர்களா, இல்லை நான் இல்லாத தைரியத்தில் கிணற்றுத் தண்ணீர்தானா?

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கான இந்தப் படிப்பில் சொல்லித்தருவது மருந்தை அல்ல, பேச்சை. வேலையாட்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று. நேற்று நடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் ஆயா, கோட்டுப் போட்ட ஒருவர் மேனேஜர். "தப்பு செய்துவிட்டேன்" என்று நான் போனதும் அவர், "அங்கேயே நில்லு!" என்று கத்தினார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது! தப்பைச் சொல்ல வருகிறவளை முதலில் உட்கார வைக்க வேண்டுமாம். அவள் முடிக்கும்வரை நாம் வாய் திறக்கக்கூடாதாம்.

நம் ஆஸ்பத்திரியில் மேனேஜர் நீங்கள், சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும், தப்புச் செய்தவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி ஏசுகிறீர்களே, நான் வந்து மேட்ரனானால் அந்த வழக்கம் கிடையாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள்
நேசம்

குலசேகரம்,
14 ஜூலை 1952

பிரியமுள்ள நேசத்துக்கு,

இருமல் நின்றுவிட்டது. வெந்நீர்தான் குடிக்கிறேன், நம்பு.

ஏட்டி, ஆஸ்பத்திரி என்ன கலியாண வீடா, வருகிறவளையெல்லாம் உட்கார வைக்க? எல்லாரும் சிரிக்கட்டும் என்று உன் கடிதத்தைச் சனிக்கிழமை ஜெபத்தில் வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆயாக்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். சீக்கிரம் வந்து சேர். என் கைச்சமையலைத் தின்று நாக்கு செத்துப்போயிற்று.

அன்புடன்
செல்வதாஸ்

குலசேகரம்,
19 ஜூலை 1952

நேசபாய் அறிவது,

உன் படிப்பின் லட்சணத்தைக் கேள். ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்த ஒருத்தியின் காலில், அன்னக்கிளி ஆயா வெந்நீர்ப் பையைத் துணி சுற்றாமல் வைத்துவிட்டாள். கால் கொப்பளித்துவிட்டது. அவளே ஓடிவந்து சொன்னாள். மருந்து போட்டாயிற்று. சனிக்கிழமை நிற்கட்டும் என்று விட்டேன்.

இன்று ஜெபம் முடிந்ததும் பெயரைக் கூப்பிட்டேன். பாயில் இருந்தவள் எழுந்து வந்து, டாக்டருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்!

"எழும்புட்டி" என்றேன்.

"நீங்கதானே வாசிச்சிய சாரே, சொல்ல வாறவள இருக்க வைக்கணும்னு? நான் இருந்துக்கிட்டே சொல்லுதேன். முடியுத வர நீங்க பேசப்பிடாது" என்றாள்.

நர்சுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மானம் கப்பலேறிவிட்டது. நீ எழுதியது வெறும் விளையாட்டு என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அடுத்த சனிக்கிழமை வாசிக்கிறேன். அனுப்பினால் அவளுக்கு வேலை உண்டு. இல்லையென்றால் அவளும் வெளியே, உனக்கு மேட்ரன் வேலையும் கிடையாது. ஆஸ்பத்திரிக் கமிட்டியில் நானே சொல்லுவேன்.

செல்வதாஸ்,
மேனேஜர்

மதராஸ்,
22 ஜூலை 1952

பிரியமுள்ள அத்தானுக்கு,

மேனேஜர் என்று கையெழுத்துப் போட்டாலும் எனக்கு நீங்கள் அத்தான்தான்.

எழுத மாட்டேன். ஒரு வரி என்ன, ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன். புருஷனுக்கு எழுதியதை ஊருக்கு வாசிக்கச் சொன்னேனா? வாசித்தது நீங்கள். அவள் காதில் கேட்டபடி நடந்தாள்.

எல்லார் முன்னாலும் ஏச்சு விழும் என்று தெரிந்தும் அன்னக்கிளி ஓடிவந்து சொன்னாள். அதனால்தான் அந்தக் காலுக்கு உடனே மருந்து கிடைத்தது. அவளை அனுப்பிவிட்டால் நாளைக்கு யார் சொல்லுவார்கள்? கொப்பளத்தைப் போர்வையால் மூடிவிட்டுப் போவார்கள். சீழ் பிடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். இதற்குப் பெயர் ஒழுங்கா?

கமிட்டியில் தாராளமாகச் சொல்லுங்கள். மேட்ரன் தொப்பி இல்லாவிட்டால் என் தலைக்குச் சளி பிடிக்காது. ஆனால் அன்னக்கிளியை வேலையிலிருந்து நிறுத்தினால் என்னையும் நிறுத்தியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. லீவு சொல்லிவிட்டேன். திருநெல்வேலியில் இறங்கி, ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் வருகிறேன். சனிக்கிழமை ஜெபத்துக்கு அங்கே இருப்பேன்.

ஜெபம் முடிந்ததும் அன்னக்கிளி பெயரையும் என் பெயரையும் கூப்பிடுங்கள். இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள். போடாவிட்டால் நாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

உங்கள்
நேசம்